மூன்று உருளை, ஒரு கைப்பிடி: பழைய ஸ்லாட் மெஷின் பற்றி வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், என் வீட்டு வரவேற்பறையில் நிற்கும் பழைய மில்ஸ் ஸ்லாட் மெஷினைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். கைப்பிடியை இழுத்தால் மூன்று உருளைகள் சுழன்று ஒவ்வொன்றாக நிற்கும், படங்கள் பொருந்தினால் நாணயம் கொட்டும் அந்தச் சூதாட்ட இயந்திரத்தைப் பற்றி அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் பலர் கேட்டு எழுதியிருப்பதால், இம்முறை இந்தப் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், விவரமாகக் கேட்டவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறேன். வீட்டில் வைத்து ரசிக்க ஒரு பழைய ஸ்லாட் மெஷின் வாங்க ஆசை. மின்சாரத்தில் ஓடுபவை மலிவாகவும், கைப்பிடி இயந்திரங்கள் பல மடங்கு விலையிலும் கிடைக்கின்றன. முதன்முதலாக வாங்குபவன் எதை வாங்கலாம்? (வாசகர், சான் ஹோசே)

சந்தையில் நீங்கள் பார்ப்பவை மூன்று தலைமுறை இயந்திரங்கள். முதல் தலைமுறைக்கு மின்சாரமே தேவையில்லை. கைப்பிடியை நீங்கள் இழுக்கும்போது சுருள்வில்களில் ஏறும் விசைதான் உருளைகளைச் சுழற்றுவது முதல் நாணயத்தைத் தள்ளுவது வரை எல்லா வேலையையும் செய்கிறது. மில்ஸ், ஜென்னிங்ஸ், வாட்லிங், பேஸ் ஆகிய சிகாகோ நிறுவனங்களும் டெட்ராய்ட் நகரத்துக் கெய்ல் சகோதரர்களும் செய்தவை இவ்வகை. 1960களின் தொடக்கத்தில் பாலி நிறுவனம் ‘மணி ஹனி’ என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது, கைப்பிடி பெயரளவில் நிற்க, உள்ளே மோட்டாரும் ரிலே எனப்படும் மின்விசை மாற்றிகளும் நாணயத்தை எண்ணிக் கொட்டும் ஹாப்பரும் குடியேறின. அது இரண்டாம் தலைமுறை. அதற்குப் பின் வந்த மூன்றாம் தலைமுறையில் மின்னணுச் சிப்புகளே முடிவு செய்கின்றன. உருளை அந்த முடிவைக் காட்டும் முகம் மட்டுமே.

நீங்கள் ரசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் முதல் தலைமுறையையே வாங்குங்கள் என்பேன். பின்கதவைத் திறந்தால் எந்தப் பல் எந்தப் பல்லைத் தள்ளுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பழுதும் அவ்வாறே தெரியும். இரண்டாம் தலைமுறையில் ஒரு ரிலேயின் தொடுமுனை கருத்துப்போனால் அதைக் கண்டுபிடிக்க மின்சுற்று வரைபடமும் பொறுமையும் வேண்டும். மூன்றாவதில் மின்சுற்றுப் பலகையில் உள்ள பழைய பேட்டரி கசிந்து செப்புத் தடங்களை அரித்திருந்தால், அதைச் சரிசெய்வது தேர்ந்தவர்களின் வேலை. மலிவாகக் கிடைப்பதற்கு இவையும் காரணம்.

முதல் இயந்திரமாக 5 சென்ட் நிக்கல் நாணயத்தில் ஓடும் மில்ஸ் இயந்திரத்தைப் பரிந்துரைக்கிறேன். மில்ஸ் செய்தவை அதிகம், மிஞ்சியவையும் அதிகம். அதனால் சுருள்வில், உருளைத் தாள், பூட்டு, கண்ணாடி என்று எதையும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வங்கியில் நாற்பது நிக்கல் கொண்ட ஒரு சுருள் 2 டாலர்தான். இரண்டு மூன்று சுருள்கள் இருந்தால் வீட்டுக்கு வரும் விருந்தினர் அனைவரும் ஒரு மாலை முழுவதும் இழுத்து விளையாடலாம். நாணயங்கள் சுற்றிச் சுற்றி உங்களிடமேதான் இருக்கும். வாட்லிங் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த ‘ரோல்-எ-டாப்’ அழகில் ஈடற்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் கேட்கப்படும் விலையில் பிழை செய்யக் கூடாது. பிழைகளையெல்லாம் மில்ஸில் செய்து முடித்த பிறகு அதற்குப் போகலாம்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இவை பார்வைக்குச் சிறியவை என்றாலும் முப்பத்தைந்து, நாற்பது கிலோ எடை இருக்கும். மில்ஸ் இயந்திரத்தில் உள்பகுதி முழுவதையும் பின்பக்கமாக இழுத்து வெளியே எடுத்துவிடலாம் என்பதால், வெளிக்கூட்டையும் உள்பகுதியையும் தனித்தனியாகத் தூக்குங்கள். முதுகு தப்பும்.

கேள்வி: சேக்ரமென்டோவில் வசிக்கிறேன். அடுத்த ஆண்டு தென் கரோலினாவுக்கு மாற்றலாகலாம். இங்கே ஒரு பழைய இயந்திரம் வாங்கி அங்கே கொண்டு போகலாமா? சட்டம் ஏதேனும் தடுக்குமா?

தடுக்கும். அங்கே போவது உறுதியானால் வாங்காதீர்கள்.

கலிபோர்னியாவில் 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஸ்லாட் மெஷின் ‘தொன்மையானது’ என்று கொள்ளப்பட்டு, அதைச் சூதாட்டத்துக்குப் பயன்படுத்தாத வரையில், வீட்டில் வைத்திருப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இந்த 25 ஆண்டு நகர்ந்துகொண்டே இருக்கும் கணக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1930களின் வார்ப்பு இயந்திரம் மட்டுமல்லாமல், சூதாட்ட விடுதிகள் கழித்துக் கட்டிய 1990களின் மின்னணு இயந்திரமும் இன்று இந்த விலக்குக்குள் வந்துவிட்டது. தென் கரோலினாவிலும் ஹவாயிலும் இத்தகைய வயது விலக்கு கிடையாது. நூறு ஆண்டு பழையதானாலும் அங்கே அது சூதாட்டக் கருவிதான். மற்ற மாநிலங்கள் பலவற்றில் வயது வரம்பு வேறுபடுகிறது, சிலவற்றில் எந்த வயது இயந்திரத்தையும் வைத்திருக்கலாம். எனவே வாங்கும் மாநிலம், வழியில் தங்கும் மாநிலம், போய்ச் சேரும் மாநிலம் ஆகிய மூன்றின் சட்டத்தையும் படித்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும். 1951-இல் வந்த ஜான்சன் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டம், இவ்வியந்திரங்களைத் தடை உள்ள மாநிலத்துக்குள் அனுப்புவதையே குற்றமாக்குகிறது என்பதால், விற்பவர் ‘நான் அனுப்பிவைக்கிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள்’ என்று சொல்வது உங்களுக்குப் பாதுகாப்பாகாது.

இவ்வளவு கெடுபிடிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1934-இல் நியூயார்க் மேயர் லகார்டியா, பறிமுதல் செய்த இயந்திரங்களைத் தானே சம்மட்டியால் அடித்து நொறுக்கிக் கடலில் தள்ளச் செய்தார். அந்தப் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். சேகரிப்பவனுக்கு அது பார்க்கச் சகிக்காத படம். ஆனால் அன்று அவ்வாறு நொறுங்கியவை ஏராளம் என்பதால்தான் மிஞ்சியவற்றுக்கு இன்று இந்த விலை.

கேள்வி: ‘1931-ஆம் ஆண்டு அசல்’ என்று சொல்லி விற்கப்படும் இயந்திரம் உண்மையில் அசல்தானா என்று எவ்வாறு கண்டுபிடிப்பது? நான் பார்த்த மூன்று இயந்திரங்களும் புதியவைபோல் பளபளக்கின்றன. (வாசகி, நியூ ஜெர்சி)

பளபளப்பைக் கண்டு நீங்கள் தயங்கியது சரியே. இந்தக் கேள்விக்கு என் சொந்தச் செலவில் கற்ற பதிலைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இறந்துபோன ஒருவரின் வீட்டுப் பொருட்களை விற்கும் விற்பனையில், மில்ஸ் நிறுவனத்தின் 1931 மாதிரியான ‘வார் ஈகிள்’ இயந்திரம் ஒன்றைக் கண்டேன். முகப்பில் சிறகு விரித்த கழுகு. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வண்ணம். பின்கதவுக்குச் சாவி இல்லை என்றார் விற்றவர். சாவி இல்லை என்ற அந்த ஒரு சொல்லிலேயே நான் நடையைக் கட்டியிருக்க வேண்டும். கழுகின் மேல் கண் வைத்துவிட்டதால் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பூட்டுக்காரரை வைத்துத் திறந்தபோது, முகப்பைக் கூட்டோடு பிணைத்திருந்த திருகாணிகளின் தலையில் கூட்டல் குறி வெட்டு இருந்தது. அந்த வகைத் திருகாணி தொழிற்சாலைகளுக்கு வந்ததே 1930களின் நடுப்பகுதியில்தான். 1931-இல் பூட்டிய திருகாணியின் தலையில் ஒற்றைக் கோடுதான் இருந்திருக்க வேண்டும். ஒரு திருகாணி மாறியிருந்தால் பழுது பார்த்தவர் மாற்றியிருப்பார் எனலாம். அத்தனையும் மாறியிருந்தன. முகப்பின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தேன். அண்மையில் அரைத்த தடம் கையில் சொரசொரத்தது. உள்ளே இருந்த இயங்குபகுதி மட்டும் உண்மையான மில்ஸ். பழைய வயிற்றுக்குப் புதிய முகத்தை வார்த்து மாட்டி, முகத்தின் விலைக்கு எனக்கு விற்றுவிட்டார்கள்.

இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கல் இதுதான். உள்பகுதி பின்பக்கமாக எளிதில் கழன்று வருவதால், பழைய நாளிலேயே இயந்திரங்களை நடத்தியவர்கள் பழுதான உள்பகுதியை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினார்கள். மக்களுக்குப் பழைய முகம் சலித்தபோது உள்பகுதியை வைத்துக்கொண்டு புதிய முகப்பை மாட்டினார்கள். அன்று நடந்த அத்தகைய மாற்றத்தைச் சேகரிப்பாளர்கள் குறையாகக் கருதுவதில்லை, அதுவும் இயந்திரத்தின் வரலாறே. குறை என்பது, பின்னாளில் சந்தைக்காக வார்க்கப்பட்ட முகப்பை முன்னாளைய முகப்பு என்று சொல்லி விற்பது. கூட்டில் பொறித்த எண்ணை மட்டும் பார்த்து ஆண்டைச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்; அந்த எண் கூட்டின் வயதைத்தான் சொல்லும், வயிற்றின் வயதை அன்று.

பிறகு நான் கற்றுக்கொண்ட சோதனை ஒன்று உண்டு. அசல் முகப்பை அச்சாக வைத்து மறுபடி வார்த்தால், அலுமினியம் ஆறும்போது சுருங்குவதால், நகல் அசலைவிட நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சிறியதாகிவிடும். நாற்பது சென்டிமீட்டர் அகல முகப்பில் இது ஏறக்குறைய அரை சென்டிமீட்டர். அளவுகோலும், அசல் என்று உறுதியான இயந்திரம் வைத்திருக்கும் ஒரு நண்பரும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அளவுகோல் இல்லாதவர் கழுகின் இறகு ஓரங்களைப் பார்க்கலாம். அசலில் ஒவ்வோர் இறகும் கத்தி விளிம்புபோல் தனித்து நிற்கும், நகலில் வெண்ணெயில் கோடு கிழித்தாற்போல் மழுங்கியிருக்கும்.

அடுத்தது தேய்மானம். எண்பது, தொண்ணூறு ஆண்டு ஓடிய இயந்திரம் தேய வேண்டிய இடத்தில் தேய்ந்திருக்கும். நாணயத் துளையின் கீழ் விளிம்பு, நாணயம் விழும் கிண்ணத்தின் அடி, கைப்பிடியின் குமிழ் ஆகிய மூன்றும் மழுங்கி வெளுத்திருக்க, மற்ற இடங்களில் பழுப்பேறியிருந்தால் மகிழ்ச்சி. எல்லா இடமும் ஒரே சீராகப் பழையதாக இருந்தால் அது வேதிப்பொருளால் வந்த முதுமை. உருளைகளில் ஒட்டிய படத் தாள் வெளுத்து மஞ்சளாகி ஓரத்தில் உரிந்திருக்கலாம். பளிச்சென்ற வெள்ளைத் தாளாக இருந்தால் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். தாளை மாற்றுவது பெருங்குற்றம் அன்று, விலையில் குறைத்துக் கேட்பதற்கு அது ஒரு காரணம்.

1940களின் சில மில்ஸ் மாதிரிகள் 1970களிலும் 80களிலும் திரும்பச் செய்யப்பட்டன. அவை நன்றாகவே ஓடும். திரும்பச் செய்தவை என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்பவரிடம் தாராளமாக வாங்கலாம். பின்கதவைத் திறந்து காட்ட மறுப்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: மாமனார் விட்டுச்சென்ற ஜென்னிங்ஸ் இயந்திரம் பல ஆண்டுகளாகக் கேரேஜில் கிடந்தது. கைப்பிடி பாதி வந்து நின்றுவிடுகிறது. கடையில் கிடைக்கும் தெளிப்பு எண்ணெயை அடித்துவிட்டுப் பலமாக இழுக்கலாமா? (வாசகர், ஃபீனிக்ஸ்)

வேண்டாம், இரண்டுமே வேண்டாம். கைப்பிடி பாதியில் நிற்பது பெரும்பாலும் ஒரு நாணயம் குறுக்கே மாட்டியிருப்பதாலோ, கடந்த சுற்று முடியாமல் நின்றிருப்பதாலோதான். பலத்தால் இழுத்தால் இயந்திரத்தில் மிக மெல்லிய ஏதோ ஒரு பல் உடையும். உடைந்த பல்லைத் தேடி வாங்குவது சிக்கிய நாணயத்தை எடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

உள்ளே நடப்பது தெரிந்தால் பழுதும் புரியும். நாணயம் விழுந்ததும் கைப்பிடியின் பூட்டு விலகுகிறது. இழுத்து முடிக்கும் இடத்தில் ஒரு நெம்புகோல் மூன்று உருளைகளையும் ஒரே நேரத்தில் உதைத்துச் சுழற்றிவிடுகிறது. அதே கணத்தில், சேகரிப்பாளர்கள் ‘கடிகாரம்’ என்று அழைக்கும் சிறிய பற்சக்கரத் தொகுதி ஓடத் தொடங்கும். அதன் முனையில் சுழலும் விசிறி காற்றைத் தள்ளுவதால் அதன் வேகம் சீராக இருக்கும். அந்தக் கடிகாரம் ஓடும் நேரத்தை வைத்தே இடது உருளை, நடு உருளை, வலது உருளை என்று மூன்று நிறுத்தக் கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. ‘டக், டக், டக்’ என்று நாம் கேட்பது அந்த விழுதலைத்தான். அதன்பின் விரல்போன்ற தகடுகள் உருளைகளோடு இணைந்த வட்டுகளின் துளைகளைத் தடவிப் பார்க்கும். துளைக்குள் விரல் ஆழமாகப் போனால், நாணயக் குழாயின் அடியில் உள்ள நழுவுதகடுகள் அதற்கேற்ற எண்ணிக்கையில் நகர்ந்து காசைக் கிண்ணத்தில் தள்ளும்.

கேரேஜில் கிடந்த இயந்திரத்தில் முதலில் சாவது இந்தக் கடிகாரம்தான். பழைய கிரீஸ் மெழுகுபோல் இறுகிவிடுவதால் அது பாதியில் நின்றுவிடும். அது நின்றால் சுற்று முடியாது. சுற்று முடியாமல் அடுத்த முறை கைப்பிடி வராது. தெளிப்பு எண்ணெய் அடித்தால் ஒரு வாரம் நன்றாக ஓடும், பிறகு அந்த எண்ணெயே தூசியைச் சேர்த்துப் பசையாகும். சரியான வழி, உள்பகுதியை வெளியே எடுத்து, பழைய கிரீஸைக் கரைப்பானால் கழுவி, நன்கு உலர்த்தி, கடிகாரத்தின் அச்சுமுனைகளில் மட்டும் கைக்கடிகாரக்காரர் பயன்படுத்தும் மெல்லிய எண்ணெயை ஊசிமுனையால் ஒரு சொட்டு வைப்பது. நாணயம் போகும் பாதையிலும் நழுவுதகடுகளிலும் எண்ணெயே கூடாது. அவை உலர்ந்தே ஓட வேண்டியவை. சுருள்வில் ஏறிய நிலையில் விரலை உள்ளே விடாதீர்கள், அந்த உதைக்கும் நெம்புகோலுக்கு இரக்கம் கிடையாது.

கடிகாரத்தின் சீரான ஓட்டத்தைப் பற்றி ஒரு கதையும் உண்டு. அது மிகச் சீராக ஓடியதால், 1940களின் இறுதியில் நெவாடாவில் சிலர் கைப்பிடி இழுப்பதைத் தாளக்கட்டோடு பழகி, வேண்டிய படத்தில் உருளையை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். விடுதிகள் நட்டப்பட்டன, அதன் பிறகுதான் ஓடும் நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாக்கும் துணைக்கருவியை உள்ளே பொருத்தினார்கள். உங்கள் மாமனாரின் இயந்திரத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வாங்கிய இயந்திரத்தின் வண்ணம் ஆங்காங்கே உரிந்திருக்கிறது. முழுவதும் சுரண்டிப் புதிதாக வண்ணம் அடித்தால் மதிப்புக் கூடுமா?

பெரும்பாலும் குறையும். அசல் வண்ணம் ஒருமுறைதான் இருக்க முடியும், புதிய வண்ணத்தை யாரும் எப்போதும் அடித்துக்கொள்ளலாம். மென்மையான துணியில் இளஞ்சூட்டு நீரும் ஒரு சொட்டுச் சோப்பும் போதும். அதற்கு மேல் கை வைக்க வேண்டாம். முன்பே யாரோ கண்டபடி வண்ணம் அடித்திருந்தால் மட்டும் உங்கள் விருப்பம்.

கேள்வி: வீட்டில் பத்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். ஸ்லாட் மெஷின் வாங்கப் போகிறேன் என்றதும், ‘பிள்ளைக்குச் சூதாட்டம் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா’ என்று மனைவி கேட்கிறார். என்ன பதில் சொல்வது? (வாசகர், எடிசன்)

அவர் கேட்பது நியாயமான கேள்வி. பதிலை நீங்கள் சொல்வதைவிட மகனையே கணக்குப் போட வைக்கலாம். உள்பகுதியை வெளியே எடுத்து மேசைமேல் வையுங்கள். ஒவ்வோர் உருளையிலும் எத்தனை படங்கள் என்று எண்ணச் சொல்லுங்கள், இருபது என்பான். மூன்று உருளைக்கும் 20×20×20, அதாவது 8,000 விதங்களில் நிற்க முடியும். ‘பார்’ (BAR) என்ற பட்டை ஒவ்வோர் உருளையிலும் ஒரே ஒருமுறை இருந்தால், மூன்று பட்டைகளும் நேராக நிற்பது அந்த 8,000 விதங்களில் ஒன்றே ஒன்றுதான். நிமிடத்துக்குப் பத்து முறை இழுத்தாலும் 8,000 முறை இழுக்க 13 மணி 20 நிமிடம் ஆகும்; நிக்கல் நாணயத்தில் அது 400 டாலர். பல மில்ஸ் இயந்திரங்களில் மூன்று பட்டைக்குக் கிடைப்பது 20 நாணயமும், அதோடு ஜாக்பாட் பெட்டியில் அந்த நேரத்தில் சேர்ந்திருப்பதும்தான். இடையில் செர்ரி, ஆரஞ்சு, பிளம் என்று சிறு சிறு தொகை வந்துகொண்டிருக்கும் என்றாலும், எல்லாவற்றையும் கூட்டினால் போட்டது திரும்பாது.

இன்னொன்றையும் அவன் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணாடி வழியாகத் தெரிவது மூன்று வரிசைப் படங்கள், கணக்கில் வருவது நடு வரிசை மட்டுமே. மூன்றாவது பட்டை நடுவரிசைக்கு ஒரு படி மேலே நிற்கும்போது, ‘அடடா, ஒரு நூலில் தவறியது’ என்ற எண்ணம் தானாகவே வரும். இயந்திரத்தைப் பொறுத்தவரை அது நூலிழை அன்று. மூன்று பட்டை வராத 7,999 விதங்களில் ஒன்று, அவ்வளவே.

கேள்வி: இந்த இயந்திரங்களில் பழங்கள் ஏன் இருக்கின்றன? முதல் இயந்திரத்தை எங்கே பார்க்கலாம்?

பவேரியாவிலிருந்து வந்து சான் பிரான்சிஸ்கோவில் பட்டறை வைத்திருந்த சார்லஸ் ஃபே, 1890களின் பிற்பகுதியில் செய்த ‘லிபர்ட்டி பெல்’ இயந்திரத்தில் பழமே இல்லை. குதிரை லாடம், சீட்டுக்கட்டின் சின்னங்கள், மணி ஆகியவைதான் இருந்தன. மூன்று மணிகள் வந்தால் 50 சென்ட். அந்த நகரம் பணம் கொட்டும் இயந்திரங்களைத் தடை செய்த பிறகு, ‘இது சூதாட்டம் இல்லை, சூயிங் கம் விற்கும் இயந்திரம்’ என்று காட்டுவதற்காகக் கம்மின் சுவைகளைக் குறிக்கும் பழப்படங்கள் ஏறின. ‘பார்’ என்னும் பட்டை அந்தக் கம் நிறுவனத்தின் முத்திரையிலிருந்து வந்தது. வேலை முடிந்த பிறகும் பழங்கள் போகவில்லை.

மார்க்கெட் தெருவில் ஃபேயின் பட்டறை இருந்த இடத்தைக் கலிபோர்னியா அரசு வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அவருடைய பேரர்கள் ரீனோ நகரில் நடத்திய உணவகத்தில் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்த இயந்திரங்கள், அந்த உணவகம் மூடப்பட்ட பிறகு கார்சன் சிட்டியிலுள்ள நெவாடா மாநில அருங்காட்சியகத்துக்குச் சென்றன. போவதற்கு முன் அவை இப்போது காட்சியில் உள்ளனவா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.